வெளிக்கல்லில் இறங்குவது: சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் வைக்க வேண்டும்? (திருகோணமலை)

உப்புவெளிக்காரி

வணக்கம். 30 மீட்டர் வரை இறங்கும் சான்றிதழ் இருக்கிறது. புறாத்தீவும் கரையோரப் பாறைகளும் பழகிய இடங்கள். மே மாதம் நானும் என் சோடியும் வெளியே உள்ள கல் ஒன்றுக்குப் போக யோசிக்கிறோம். உச்சி 9 பாகம், அடி 16 பாகம் என்று வள்ளக்காரர் சொல்கிறார். சுற்றிவர மணல், அதற்கப்பால் ஆழம். வாடகைக்குக் கிடைப்பது வழக்கமான அலுமினியச் சிலிண்டர்.

மூன்று கேள்வி. 50 பாரில் மேலே வர வேண்டும் என்று படித்தது இந்த ஆழத்துக்குப் போதுமா? நங்கூரக் கயிற்றைப் பிடித்து இறங்குவதா, கயிறு இல்லாமல் நேரே இறங்குவதா? நீரோட்டம் இழுத்துக்கொண்டு போனால் என்ன செய்வது?

பாகக்கயிறு

தங்கச்சி, முதலில் சொல்லை ஒழுங்குபடுத்துவோம். கடற்றொழிலாளர் கடலடிப் பாறையைப் ‘பார்’ என்பார்கள், அழுத்தமும் ‘பார்’தான். இந்த இழையில் பாறையைக் ‘கல்’ என்றும் அழுத்தத்தைப் ‘பார்’ என்றும் எழுதினால் குழப்பம் வராது. ஒரு பாகம் ஏறக்குறைய 1.8 மீட்டர். ஆகவே உங்கள் கல்லின் உச்சி 16 மீட்டரை ஒட்டி, அடி 29 மீட்டர்.

50 பார் போதாது. அந்த 50 பார், மேலே வந்து வள்ளத்தில் ஏறும்போது சிலிண்டரில் இருக்க வேண்டிய அளவு. அடியில் நிற்கும்போது இருக்க வேண்டிய அளவு வேறு, அதைத்தான் ‘ஒதுக்கு’ என்கிறோம். உங்கள் சோடிக்கு ஆழமான இடத்தில் காற்று முழுதாக நின்றுபோனால், ஒரே சிலிண்டரில் இருவரும் மூச்சு விட்டு, வேகம் மிஞ்சாமல், உடம்பில் சேர்ந்த நைதரசன் வெளியேற ஆழம் குறைந்த இடத்தில் நிறுத்தமும் செய்து மேலே வரத் தேவையான காற்று அது.

28 மீட்டருக்குக் கணக்குப் போடுவோம். அமைதியாக இருக்கும் ஆளுக்கு மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லீட்டர் காற்று என்று வைக்கலாம். பதற்றத்தில் 30. இரண்டு பேருக்கு 60. 28 மீட்டரில் அழுத்தம் 3.8 பார், அதாவது ஒவ்வொரு மூச்சுக்கும் மேற்பரப்பைப் போல 3.8 மடங்கு காற்று போகும். பிரச்சினையைப் புரிந்து, மாற்று ரெகுலேட்டரை (சோடிக்கென்று இருக்கும் இரண்டாவது மூச்சுக்கருவி) கொடுத்து, கையைப் பிடித்து நிதானமாக ஒரு நிமிடம்: 60 × 3.8 = 228 லீட்டர். அங்கிருந்து 5 மீட்டர் வரை, நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஏறினால் மூன்று நிமிடம். சராசரி ஆழம் 16.5 மீட்டர், அழுத்தம் 2.65: 60 × 2.65 × 3 = 477. ஐந்து மீட்டரில் மூன்று நிமிட நிறுத்தம்: 60 × 1.5 × 3 = 270. கடைசி ஐந்து மீட்டரை ஒரு நிமிடமாக ஏற 75. கூட்டினால் 1050 லீட்டர்.

வழக்கமான அலுமினியச் சிலிண்டரின் கொள்ளளவு 11.1 லீட்டர். 1050 ஐ 11.1 ஆல் பிரித்தால் 95 பார். மேல்நோக்கி முழுமையாக்கி 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் யாருடைய மானி முதலில் 100 காட்டுகிறதோ, அந்த நிமிடமே இருவரும் அடியை விட்டு ஏற வேண்டும்.

இன்னொன்று. நிரப்பும்போது சிலிண்டர் சுடும். சூட்டோடு 200 காட்டியது ஆறியபின் 185க்கு வந்துவிடும். காலையில் வள்ளத்தில் ஏற்றும்போது பார்க்கும் எண்தான் கணக்குக்கு எடுக்க வேண்டிய எண்.

கொட்டியாரம்

அண்ணை சொன்னது சரி, ஒரு சேர்க்கை. ஒதுக்கு ஆழத்தோடு குறையும். அதே முறையில் 18 மீட்டருக்குப் போட்டால் 771 லீட்டர், அதாவது 70 பார். கல்லில் இதுதான் வாய்ப்பு. முதலில் அடிக்குப் போய்ச் சில நிமிடம் பார்த்துவிட்டு, சுற்றிச் சுற்றி மேலே ஏறிவந்தால், 100க்குக் கீழே போனாலும் 18 மீட்டரில் 70 வரை நிற்கலாம். அடியிலேயே நின்றால் அது முடியாது. உச்சியில் தொடங்கிக் கடைசியில் அடிக்கு இறங்குகிற ஆட்கள் இந்த வாய்ப்பையும் இழக்கிறார்கள், உடம்பில் நைதரசனும் தவறான நேரத்தில் கூடுகிறது.

நிலாவெளி72

கயிற்றுக் கேள்விக்கு வருகிறேன். எனக்கு நங்கூரம் பிடிக்கவே பிடிக்காது. கல்லின் உச்சியில் நங்கூரம் போட்டால் கடல்விசிறியும் முருகைக்கல்லும் நொறுங்கும், வள்ளம் அசையும் ஒவ்வொரு தடவையும் சங்கிலி அறுக்கும். நம்முடைய பக்கத்துக் கற்கள் பெரும்பாலும் கரும்பாறை, அதன்மேல் மெல்லிய உயிர்த்தோல். அந்தத் தோல் போனால் திரும்பி வளர ஆண்டுக்கணக்கு எடுக்கும்.

நீரோட்டத்தின் மேற்பக்கத்தில், கல்லுக்கு 40, 50 மீட்டர் முன்னால் வள்ளம் இறக்கிவிட வேண்டும். பி.சி.டியில் (மிதப்பைச் சரிசெய்யும் காற்று அங்கி) காற்றை முழுக்க எடுத்துவிட்டு, தலைகீழாக உடனே இறங்க வேண்டும். மேற்பரப்பில் நின்று முகமூடியைச் சரிசெய்துகொண்டிருந்தால், கல் உங்களுக்குக் கீழே கடந்து போய்விடும்.

பாகக்கயிறு

தம்பி, நங்கூரம் பற்றி நீங்கள் சொன்னதோடு முழு உடன்பாடு. ஆனால் முதல்முறை வெளிக்கல்லுக்குப் போகும் ஒரு சோடியைக் கயிறில்லாமல் நீல வெளியில் இறக்குவதை ஏற்க மாட்டேன். 16 மீட்டர் உச்சி, தண்ணீர் கலங்கிய நாளில் மேலிருந்து தெரியாது. மகாவலி கொட்டியாரக் குடாவில் விழுகிறது. மழைக்குப் பிறகு தெற்குப் பக்கத்து நீர் பச்சையாகிவிடும்.

நடுவழி இருக்கிறது. நங்கூரத்துக்குப் பதில் ஆழக்கயிறு. 8, 10 கிலோ ஈயம் அல்லது கொங்கிறீட் கட்டி, 35 மீட்டர் கயிறு, மேலே பெரிய மிதவை. கல்லின் பக்கத்து மணலில் விழும்படி வள்ளக்காரர் இறக்க வேண்டும். வள்ளம் அந்தக் கயிற்றில் கட்டப்படாது, எஞ்ஜினோடு சுதந்திரமாக நிற்கும். நீங்கள் கயிற்றைப் பார்த்தபடி இறங்கலாம். கல்லில் ஒரு கீறலும் இல்லை. எல்லாரும் ஏறியபின் இழுத்துக்கொள்ளலாம்.

நிலாவெளி72

ஆழக்கயிறு என்றால் சரி, ஒப்புக்கொள்கிறேன். கயிற்றைப் பிடிக்கும் கைக்கு மட்டும் கவனம். நீரோட்டத்தில் கொடிபோல் தொங்கிக்கொண்டு இறங்கினால் மூச்சு இரட்டிப்பாகும். கயிறு சாய்ந்து 45 பாகைக்கு மேல் படுத்துவிட்டால் அன்று இறங்க வேண்டாம். அதைவிட நல்ல நீரோட்டமானி வேறில்லை.

உப்புவெளிக்காரி

விளங்குது. நீரோட்டம் எந்த நேரம் குறையும் என்று வற்றுப்பெருக்கு அட்டவணையில் பார்க்கலாமா?

கொட்டியாரம்

அட்டவணையை மட்டும் நம்பி இங்கே நேரம் குறிக்க முடியாது. இலங்கைக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. வெளிக்கல்லில் ஓட்டத்தைக் காற்றும் பெருங்கடல் ஓட்டமுமே முக்கியமாகத் தீர்மானிக்கின்றன. அதோடு திருகோணமலைக்கு முன்னால் கடலடிப் பள்ளத்தாக்கு கரைக்கு மிக அண்மையில் வந்து விழுகிறது. திமிங்கிலம் இவ்வளவு கிட்ட வருவதும் அந்த ஆழத்தால்தான். ஆகவே போன கிழமை எப்படி இருந்தது என்பதை வைத்து இன்றைக்கு முடிவு எடுக்கக் கூடாது.

மேலே ஓட்டம் இல்லை என்பதால் கீழேயும் இல்லை என்று எண்ண வேண்டாம். மீன் சொல்லும். கல்லின் ஒரு முனையில் பாரை மீனும் சீலாவும் அடர்ந்து, எல்லாம் ஒரே பக்கம் முகம் வைத்து நின்றால், அந்த முகம் நோக்கும் பக்கத்திலிருந்து ஓட்டம் வருகிறது. அந்த முனைதான் பார்க்க அழகு. ஆனால் கல்லின் பின்பக்க மறைவிலிருந்து, பாறையை ஒட்டி, தாழ நின்று பாருங்கள். உச்சியைத் தாண்டும் நீர் பின்பக்கம் கீழ்நோக்கி இழுக்கக்கூடும். உங்கள் குமிழிகள் மேலே போகாமல் பக்கமாகவோ கீழாகவோ போவதைக் கண்டால் அதுதான் அறிகுறி.

அப்படி இழுத்தால் நேரே மேலே உதைக்காதீர்கள். கடுமையாக உதைத்துக்கொண்டு, அழுத்தத்தில் அடர்ந்த காற்றை மூச்சு விட்டால் கரியமிலவாயு உடம்பில் தேங்கும், பதற்றமும் ஆழத்தில் நைதரசனால் வரும் மயக்கமும் அதோடு சேர்ந்து வரும். பாறை கையெட்டும் தூரத்தில் இருந்தால் உயிரில்லாத வெற்றிடமாகப் பார்த்துப் பிடித்து ஏறுங்கள். இல்லையென்றால் கல்லை விட்டுக் குறுக்காக வெளியே நீந்துங்கள், இழுவை பெரும்பாலும் கல்லை ஒட்டிய சிறு பகுதியில்தான். பி.சி.டியில் கொஞ்சம் காற்று விடலாம், ஆனால் இழுவை விட்ட கணமே அந்தக் காற்றை வெளியேற்ற விரல் பொத்தானில் இருக்க வேண்டும்.

நிலாவெளி72

மூன்றாவது கேள்வி எல்லாவற்றிலும் முக்கியமானது. இழுத்துக்கொண்டு போனால் என்ன?

இங்கே சுழியோடும் பருவத்தில், அதாவது ஏப்ரலின் கடைசி தொடங்கி செப்டெம்பர் வரை, கச்சான் வீசும். மேற்கிலிருந்து, நிலத்தைத் தாண்டி வருகிற காற்று. கரையில் நின்று பார்த்தால் கடல் தகடுபோலத் தெரியும், ஏனென்றால் அலை எழ அந்தக் காற்றுக்கு இடமில்லை. ஆனால் அது உங்களைத் தள்ளுவது கரைக்கு அல்ல, வங்காள விரிகுடாவுக்கு. தென், மேற்குக் கரைகளில் இதே பருவக்காற்று மேலே வந்த ஆளைக் கரைப்பக்கம் ஒதுக்கும். இங்கே ஒதுக்காது.

கணக்கு எளிது. ஒரு நொட் ஓட்டம் என்றால் நிமிடத்துக்கு 31 மீட்டர். இருபது நிமிடத்தில் 600 மீட்டருக்கு மேல். சின்ன அலை இருந்தாலே சில நூறு மீட்டருக்கு அப்பால் தலையை வள்ளத்திலிருந்து பார்க்க முடியாது. முழு உபகரணத்தோடு ஒரு நொட்டை எதிர்த்துச் சில நிமிடங்களுக்கு மேல் நீந்தவும் முடியாது.

ஆகவே காற்று நிரப்பி மேலே விட்டு நாம் இருக்கும் இடத்தைக் காட்டும் மிதவைக் குழாய், எஸ்.எம்.பி என்று சொல்வது, ஒவ்வொருவரிடமும் ஒன்று. ஒரு சோடிக்கு ஒன்று போதாது, பிரிந்துபோன இரண்டாவது ஆளைத்தான் தேட வேண்டிவரும். உயரம் 1.5 மீட்டருக்குக் குறையாமல், செம்மஞ்சள் அல்லது மஞ்சள். குட்டையான செம்மஞ்சள் குழாயைத் தூரத்தில் வலை மிதவை என்று வள்ளக்காரர் கடந்து போகலாம். அதற்கு 30 மீட்டர் நூல் சுற்றிய ஸ்பூல். விசில், சிறு கண்ணாடி, டோர்ச்.

உப்புவெளிக்காரி

குழாயை 5 மீட்டரில் நின்று விடத்தான் படித்திருக்கிறோம். கல்லின் உச்சியிலிருந்தே விடலாமா?

பாகக்கயிறு

ஓட்டம் இருக்கும் நாளில் உச்சியிலிருந்துதான் விட வேண்டும். கல்லை விட்டவுடன் நீங்கள் நகரத் தொடங்குகிறீர்கள். 5 மீட்டரில் விட்டால் அதுவரை எங்கே போகிறீர்கள் என்று வள்ளத்துக்குத் தெரியாது.

கவனமாகச் செய்ய வேண்டிய இடம் இது. ஸ்பூலை எந்த வளையத்திலும் மாட்டாதீர்கள். மாட்டியிருக்கும்போது நூல் சிக்கினால் குழாய் உங்களையும் தூக்கிக்கொண்டு மேலே போகும். இடது கையில் ஸ்பூல், பெருவிரலும் சுட்டுவிரலும் துளையின் இரு பக்கமும், மற்ற விரல்கள் நூலில் படாமல். குழாயை முழுதாக விரித்து, நூல் உங்கள் ரெகுலேட்டருக்கும் சிலிண்டர் வால்வுக்கும் முன்னால் இருக்கிறதா என்று சோடி பார்க்க வேண்டும். மேலே யாரும், எந்த வள்ளமும் இல்லை என்று நிமிர்ந்து பாருங்கள்.

காற்று நிறைய வேண்டாம். 16 மீட்டரில் அழுத்தம் 2.6. மேலே 20 லீட்டர் நிறைய வேண்டிய குழாய்க்கு அங்கே 8 லீட்டருக்குக் குறைவே போதும். இரண்டு முழு மூச்சு, அவ்வளவுதான். வாயால் ஊதும் குழாய் என்றால் ஊதுங்கள், நீங்கள் எப்படியும் வெளியே விடும் மூச்சுத்தானே, மிதப்பும் மாறாது. மாற்று ரெகுலேட்டரைக் குழாய்க்குள் வைத்து அழுத்தினால் அது நிற்காமல் கொட்டத் தொடங்கலாம், நூலிலும் சிக்கலாம்.

விட்டதும் ஸ்பூல் விரல்களுக்கிடையே சுழலும். நின்றபின் நூல் இறுக்கமாக இருக்கும்படி மெல்லச் சுற்றிக்கொண்டே ஏறுங்கள். நூல் தொய்ந்தால் குழாய் படுத்துவிடும், படுத்த குழாயை யாரும் பார்க்க மாட்டார்கள்.

கொட்டியாரம்

கைவிட்டுப் போகாத இன்னொரு சாமான்: நூல் வெட்டி. கற்களில் அறுந்த தங்கூசி (நைலோன்) வலை தொங்கும், நீருக்குள் கண்ணுக்கே தெரியாது. பெரிய கத்தி காலில் கட்டியிருப்பதால் பயனில்லை, காலே வலையில் மாட்டினால் எப்படி எடுப்பது? சிறிய வெட்டி, நெஞ்சுப் பட்டியில், இரண்டு கையாலும் எட்டும் இடத்தில். மாட்டினால் சுழலாதீர்கள், நின்ற இடத்தில் நில்லுங்கள், சோடி பின்னால் வந்து வெட்டட்டும். பெரும்பாலும் மாட்டுவது உங்களுக்குத் தெரியாத சிலிண்டர் வால்வில்தான்.

நீருக்குள் வெடிச்சத்தம் கேட்டால், தூரமா கிட்டவா என்று ஆராய வேண்டாம். நீரில் ஒலி காற்றைவிட நாலு மடங்குக்கு மேல் வேகமாகப் போவதால் திசையே பிடிபடாது. டைனமைட் போட்டு மீன் பிடிப்பது சட்டவிரோதம், ஆனாலும் முற்றாக நிற்கவில்லை. நெஞ்சில் அடிப்பதுபோல் உணர்ந்தால் சோடியோடு வழமையான வேகத்தில் மேலே வந்து அன்றைய நாளை முடித்துக்கொள்ளுங்கள்.

மஞ்சளும் கறுப்புமாகப் பெரிய கிளாத்தி மணலில் குழி கட்டிக் காவல் இருந்தால், அதன் எல்லை மேல்நோக்கி விரியும் புனல்போல. மேலே போனால் துரத்தும். பக்கவாட்டில் விலகுங்கள், காலில் போட்ட ஃபின்னை அதற்கு முன்னால் காட்டியபடி.

மருந்துப்பெட்டி

உபகரணம் பற்றி நிறையச் சொல்லிவிட்டீர்கள், உடம்பு பற்றி நான் எழுதுகிறேன்.

நம்முடைய கரையில் அழுத்தநோயால் (வேகமாக மேலே வரும்போது உடம்பில் நைதரசன் குமிழியாவதால் வருவது) அதிகம் அழிந்தவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்ல, கடலட்டையும் சங்கும் எடுக்கச் சிலிண்டர் போட்டு இறங்கும் தொழிலாளர். ஒரே நாளில் மூன்று, நாலு சிலிண்டர், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி இல்லை, நிறுத்தம் இல்லை, ஆழமும் நேரமும் கணக்கிடும் கைக் கம்ப்யூட்டர் இல்லை. இடுப்புக்குக் கீழே உணர்வு போய் வாழ்நாள் முழுதும் படுக்கையில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். வலி வந்தால் திரும்ப இறங்கினால் போய்விடும் என்ற நம்பிக்கை அவர்களிடையே உண்டு. கீழே கொஞ்சம் குறைவதுபோல் இருக்கும், ஆனால் இறங்கும் நேரமெல்லாம் மேலும் நைதரசன் ஏறுகிறது, மேலே வரும்போது முன்னைவிட மோசமாகும். நீருக்குள் உணர்விழந்தால் மூழ்கியே போவார். அந்த யோசனை சொல்லும் எவரையும் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

மேலே வந்தபின் தோள் அல்லது முழங்கை நோவு, தோலில் ஊதா வரிகள், அளவு மீறிய களைப்பு, கால் மரத்தல், தலைசுற்றல், சிறுநீர் போக முடியாமை. இதில் ஒன்று வந்தாலும் உளுக்கு என்று எண்ணெய் பூசிக்கொண்டு படுக்கக் கூடாது. நூறு வீத ஒட்சிசன், பை வைத்த முகமூடியில் நிமிடத்துக்கு 15 லீட்டர், நோ குறைந்தாலும் நிறுத்தாமல். படுக்க வையுங்கள், நினைவு தெளிவாக இருந்தால் தண்ணீர் கொடுங்கள். 15 லீட்டர் வேகத்தில் 2 லீட்டர்ச் சிலிண்டரில் 200 பார் இருந்தாலும் 400 லீட்டர்தான், 26 நிமிடத்தில் தீர்ந்துபோகும். வெளிக்கல்லிலிருந்து கரைக்கு ஓடி, அங்கிருந்து வைத்தியசாலைக்குப் போகும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். வள்ளத்தில் எத்தனை லீட்டர் ஒட்சிசன் இருக்கிறது என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. இந்த நோய்க்குச் சிகிச்சை கொடுக்கும் அழுத்தக் கலம் கடற்படையிடம் இருக்கிறது. அது அந்த வாரம் இயங்குகிறதா, எந்த வழியாகத் தொடர்புகொள்ள வேண்டும் என்பதை, இறங்குவதற்கு முந்தைய நாளே சுழியோட அழைத்துச் செல்பவர் உறுதிப்படுத்தியிருக்க வேண்டும்.

விமானத்துக்கு முன் 18 மணி நேரம் என்பதை எல்லாரும் அறிவார்கள். மலையை மறந்துவிடுகிறார்கள். ஹபரணை, தம்புள்ளை, குருணாகல் வழியாகக் கொழும்பு போவதில் உயரம் பெரிதாக ஏறாது. ஆனால் கண்டி கிட்டத்தட்ட 500 மீட்டர், நுவரெலியா 1800 மீட்டருக்கு மேல். காலையில் இரண்டு முறை இறங்கிவிட்டுப் பிற்பகல் நுவரெலியாவுக்கு வாகனத்தில் மலையேறுவது விமானம் ஏறுவதற்குச் சமமாக எண்ணப்பட வேண்டியது. அந்தப் பயணத்தை மறுநாளுக்கு வையுங்கள்.

நிலாவெளி72

நைட்ரொக்ஸ், அதாவது ஒட்சிசன் கூட்டிய காற்று, பற்றி ஒருவரும் சொல்லவில்லை. 32 வீதம் கிடைத்தால் 30 மீட்டரில் உடம்பில் நைதரசன் ஏறுவது 24.4 மீட்டரில் சாதாரணக் காற்று விடுவதுபோல. இரண்டாவது முறை இறங்கும்போது பெரிய நன்மை. ஆனால் ஒட்சிசனின் பகுதியழுத்தம் 1.4 பாரைத் தாண்டக் கூடாது என்ற எல்லைப்படி 33 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. உங்கள் கல்லின் அடி 29 என்றாலும் சுற்றியுள்ள மணல் சரிந்து போகிறது, கம்ப்யூட்டரில் எச்சரிக்கை வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரில் ஒட்டியிருக்கும் காகிதத்தை நம்பாமல், மானியில் நீங்களே அளந்து கையெழுத்து வையுங்கள். காற்றின் அளவை நைட்ரொக்ஸ் கூட்டித் தராது, ஒதுக்கு அதே 100தான்.

பாகக்கயிறு

வாடகை உபகரணம் எடுக்கும்போது முதல் நிலை ரெகுலேட்டரின் வாயில், சிலிண்டரில் பொருந்தும் இடத்தில், ஒரு சின்ன வடி இருக்கும். டோர்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளி நிறமாக இருந்தால் நல்லது. பச்சை படிந்திருந்தால் உள்ளே உப்புநீர் போய் அரித்திருக்கிறது. செம்பழுப்பு என்றால் எங்கோ துருப்பிடித்த இரும்புச் சிலிண்டரில் போட்டது. இரண்டையும் வாங்காதீர்கள். மானியைப் பார்த்தபடி நாலு தடவை பலமாக மூச்சு இழுங்கள். முள் ஒவ்வொரு இழுப்புக்கும் விழுந்து எழுந்தால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை அல்லது வடி அடைத்திருக்கிறது.

சிலிண்டர் வால்வை ஒரு கணம் திறந்து மணந்து பாருங்கள். எண்ணெய், டீசல் வாடை வந்தால் வேண்டாம். காபனோரொட்சைட்டுக்கு மணம் கிடையாது, ஆனால் எஞ்ஜின் புகை சிலிண்டர் நிரப்பும் காற்றழுத்திக்குள் போனால் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வரும். காற்றழுத்தியின் உறிஞ்சு குழாய் புகைக்குக் காற்றின் மேற்பக்கம் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். கச்சான் திசை மாறும் பிற்பகலில் இது தவறுகிற இடம்.

சிலிண்டர் வால்வில் காற்றுக் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம், 014 அளவு ஓ-ரிங், நாலைந்து பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வளையம் பிய்ந்ததால் வெளிக்கல் வரை ஓடிய எண்ணெய் வீணாகக் கூடாது.

உப்புவெளிக்காரி

எல்லாருக்கும் நன்றி. என் திட்டம் இது, பிழை இருந்தால் சொல்லுங்கோ.

காலையில் மானி 190. இருவருக்கும் 11.1 லீட்டர். என் சோடிக்கு நிமிடத்துக்கு 21 லீட்டர், எனக்குக் குறைவு, ஆகவே அவருடைய எண்ணை எடுக்கிறேன். இறங்க இரண்டு நிமிடம், 10 பார், அடியில் 180. 28 மீட்டரில் 21 × 3.8 = 80 லீட்டர், நிமிடத்துக்கு 7.2 பார். எட்டு நிமிடம் நின்றால் 58 பார் போய் 122. அது 100க்கு மேலே. பிறகு சுற்றிக்கொண்டு 18 மீட்டருக்கு ஏறுகிறோம். அங்கே நிமிடத்துக்கு 5.3 பார். 70 வரும்வரை பத்து நிமிடம் கிடைக்கிறது. 70இல் குழாயை விட்டு ஏறுகிறோம்.

பாகக்கயிறு

கணக்குச் சரி தங்கச்சி, ஒரு இடம் மட்டும் திருத்துங்கள். குழாய் விட இரண்டு நிமிடம் எடுக்கும், அந்த இரண்டு நிமிடமும் நீங்கள் 16 மீட்டரில் மூச்சு விடுகிறீர்கள். அது 10 பார். 70இல் தொடங்கினால் முடிக்கும்போது 60, ஒதுக்குக்குள் கை வைத்துவிட்டீர்கள். 80இல் குழாயைக் கையில் எடுங்கள். உச்சியில் பத்து நிமிடம் அல்ல, எட்டு.

அப்படியானால் இறங்கியதிலிருந்து 20ஆவது நிமிடம் குழாய் மேலே தெரியும், 26ஆவது நிமிடம் நீங்கள் மேலே. இந்த இரண்டு எண்ணையும் வள்ளக்காரரிடம் சொல்லி, அவருடைய மணிக்கூட்டிலும் குறிக்கச் சொல்லுங்கள். 20 தாண்டியும் குழாய் தெரியாவிட்டால் ஆழக்கயிறு சாய்ந்திருக்கும் பக்கம் பார்வையைத் திருப்பட்டும். 35 ஆகியும் யாரும் வராவிட்டால் கல்லுக்குப் பக்கத்தில் காத்து நிற்காமல், அந்தத் திசையிலேயே மெதுவாக ஓடித் தேடட்டும்.

உப்புவெளிக்காரி

80, எட்டு நிமிடம், 20, 26, 35. எழுத்துப் பலகையில் எழுதிவிட்டேன். மற்றதை வள்ளக்காரருக்கு இன்று பின்னேரம் சொல்கிறேன்.